சிப்ரியானின் உடம்பில் பட்ட பந்துகள்

1991-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினெட்டாம் தேதி பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, ஃபுளோரிடாவில் ஒரு மைதானத்தில் எலாடியோ வாட்லியின் இடது விலாவில் பட்ட பந்து, ஆயிரம் மைலுக்குத் தெற்கே ஒரு தீவில் இருந்த மொந்தே கிளாரோ சர்க்கரை ஆலையில் கரும்பு தள்ளிக்கொண்டிருந்த அவன் தம்பி சிப்ரியானுக்கு வலித்தது. எலாடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்து மோதிய சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டியது போலிருந்தது அவனுக்கு. சிப்ரியானோ மூச்சடைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆலை மருந்தகத்து நர்ஸ் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முட்டை அளவுக்குக் கன்றியிருந்த இடத்தில் பிறை போலத் தையல் தடம் பதிந்திருந்தது. பேஸ்பால் பந்தின் தோலில் நூற்றெட்டு இரட்டைத் தையல் உண்டு என்பது எங்கள் குடியிருப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். அதில் பதினொன்றை அவள் எண்ணினாள்.

"யாருடா உன்னப் பந்தால அடிச்சது?"

"யாரும் அடிக்கலக்கா. கரும்புதான் தள்ளிட்டிருந்தேன்."

"கரும்புக்குத் தையல் போட்டு விக்கிறாங்களா இப்போ?" என்று சொல்லி ஐஸ் கட்டி வைத்து அனுப்பினாள். அந்த வாரம் சர்க்கரை விலை மறுபடியும் இறங்கியிருந்தது. ஆலையில் ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு பலமாக இருந்ததால் சிப்ரியானின் விலாவைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் பேசவில்லை.

வாட்லி குடும்பம் எங்களைப் போலவே கடல் தாண்டி வந்தது. அவர்களுடைய பாட்டனார் ஆங்கிலம் பேசும் நெவிஸ் தீவிலிருந்து கரும்பு வெட்ட வந்தபோது ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு கிரிக்கெட் மட்டையும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை முதலாளிகளின் மாடு மேயும் புல்வெளியில் கிரிக்கெட் ஆடினார்கள். மகன்கள் காலத்தில் மட்டை உருளையானது. பேரன்கள் காலத்தில் கிரிக்கெட் என்ற சொல்லே மறந்துபோய் எல்லோரும் பேஸ்பால் ஆடினார்கள். ஸ்பானியம் பேசும் நாட்டில் ஆங்கிலப் பெயரோடு பிறந்த இந்தப் பையன்கள் பால் டப்பா அட்டையைக் கையுறையாக மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் கேன் மூடியைப் பந்தாக வீசி, துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினார்கள். அந்த மூடி காற்றில் எந்தப் பக்கம் வளையும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. அதை அடிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எந்தப் பந்தும் பெரிதில்லை. எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பேஸ்பால் ஆட அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஏராளம். அதற்காகவே ஊருக்கு நாலு தரகர்கள் இருந்தார்கள்.

மொந்தே கிளாரோவுக்கு வந்த தரகர் ருஃபீனோ பெகேரோ. மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் கிராம்பு. எலாடியோ மட்டை பிடிப்பதை மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, அம்மா மெர்சலினா கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டே வயதைக் கேட்டார். இருபது என்றான் எலாடியோ. ருஃபீனோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"இருபதா? இருபது வயசுக்காரன இந்தத் தீவுல எவன் வாங்குவான்? இதே கை பதினாறுல இருந்தா நாளைக்கே கையெழுத்து." பிறகு முற்றத்தில் மாங்காய் தின்றுகொண்டிருந்த சிப்ரியானைப் பார்த்தார். "அவனுக்கு என்ன வயசு?"

சிப்ரியானுக்குப் பதினாறு. அவனும் ஆட்டக்காரன்தான். ரன் எடுக்க ஓடுபவன் தொட வேண்டிய முனைகளில், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப். அவன் கையைத் தாண்டித் தரையில் ஒரு பந்து உருண்டு போனதை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அந்த வருடம் டெங்குக் காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாக இருந்தான். ருஃபீனோவின் கண் அவன் மேல் நிற்கவில்லை. தம்பி தன்னைவிடக் கெட்டிக்காரன் என்பது எலாடியோவுக்குத் தெரியும். இன்னும் ஒரு வருடம் சாப்பிட்டுத் தேறினால் தரகர்கள் அவனைத் தேடி வருவார்கள் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மறுநாள் காலை தம்பியைக் கூப்பிட்டு, அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்டான். மெர்சலினா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

"நான் போய்ச் சேர்ந்ததும் உன்னையும் கூப்பிட்டுக்குறேன். ரெண்டே வருஷம்," என்றான் எலாடியோ.

"அப்போ நான் யாரு பேர்ல வர்றது?" என்று கேட்டுவிட்டு, அண்ணனின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தான் சிப்ரியான். "எடுத்துக்கோண்ணே. பேருதானே."

அப்படித்தான் எலாடியோ, பதினாறு வயது சிப்ரியானாக விமானம் ஏறினான். சிப்ரியான், இருபது வயது எலாடியோவாக ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். விசாரிக்க வந்த அமெரிக்கத் தூதரக ஆள் முன்னால் மெர்சலினா பெரியவனைச் சின்னவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த ஆள் போனபிறகு வாயை மூன்று தடவை கொப்பளித்தாள். ஊரில் எல்லோரும் சேர்ந்து பொய் சொன்னோம். பாதிரியார் மட்டும் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. பிட்சர் வீசும் பந்து பேட்டரின் உடம்பில் பட்டால், அவன் ஓடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் வரும் பந்தை உடம்பில் வாங்க எவனும் விரும்புவதில்லை என்பதால் அந்த விதி பெரிதாக யாருக்கும் பயன்படுவதில்லை. எலாடியோவுக்குப் பயன்பட்டது. ஜூனில் விலாவில் ஒன்று, ஜூலையில் முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று. வலிக்கவில்லை. தழும்புகூட விழவில்லை. பயிற்சியாளர் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வருடம் அவனே, பேட்டர் நிற்பதற்காகக் கோடு போட்ட கட்டமான பேட்டிங் பெட்டியின் ஓரத்தில் நெருங்கி நின்று பந்தின் பாதையில் தோளைக் கொடுக்கப் பழகிக்கொண்டான். ஒரே சீசனில் முப்பத்தியொரு முறை அடி வாங்கி முதல் பேஸுக்கு நடந்தான். கூட ஆடியவர்கள் அவனைச் 'சுவர்' என்று கூப்பிட்டார்கள். மூன்று சீசனில் ஒரு நாள்கூட காயத்துக்காக உட்காராத ஆள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. படத்துக்குக் கீழே தம்பியின் பெயர் இருந்தது.

மொந்தே கிளாரோவில் விஷயம் அந்த முதல் வருடம் ஆகஸ்ட் மாதமே தெரிந்துவிட்டது. எலாடியோ தொலைபேசியில் இன்ன நாளில் முழங்கையில் பட்டது என்று சொல்வான். அந்த நாளில் சிப்ரியான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உருண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பெயர் போன இடத்துக்கு உடம்பும் போகிறது என்று ஆலை எடைமேடைக்காரர் சொன்னார், யாரும் மறுக்கவில்லை. மெர்சலினா வீடு வீடாகப் போய், இதைப் பெரியவனிடம் யாரும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். பயந்துவிட்டால் பந்தைப் பார்க்க மாட்டான், ஓடி வந்துவிடுவான் என்றாள். அதற்குள் அவள் வீட்டுத் தகரக் கூரை போய் சிமெண்ட் கூரை வந்திருந்தது. கோயிலுக்கு மின்விசிறி வந்திருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமல்ல, அதற்கு மேலும் செய்தோம். கடைக்காரர் ஒனேசிமோ, ஆட்ட நாட்களில் கடை வாசலில் நாற்காலி போட்டுச் சிப்ரியானை உட்கார வைத்தார். எலாடியோ ஆடிய கீழ்மட்ட லீக் ஆட்டங்கள் எங்கள் வானொலியில் வராது. சிப்ரியானின் உடம்பில்தான் வரும். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு இருபது முப்பது பேர் சுற்றி நிற்போம். அவன் முகம் சுளித்தால் "பேஸுக்குப் போயிட்டான்!" என்று கைதட்டுவோம். இடதா வலதா, தோளா தொடையா என்று பந்தயம் நடக்கும். பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களும் சற்று தள்ளி நின்று என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒனேசிமோ அவனுக்குக் குளிர்ந்த பீர் இலவசமாகக் கொடுத்தார், ஐஸும் கொடுத்தார். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நானும் அங்கே நின்றேன்.

1993 டிசம்பரில் எலாடியோ மூன்று பெட்டியோடு ஊருக்கு வந்தான். ஊரே பேருந்து நிற்கும் இடத்துக்குப் போயிற்று. சிப்ரியான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், பொத்தான் கழுத்து வரை. அண்ணன் கட்டிப்பிடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டாம் நாள் காலை எலாடியோ பல் துலக்க முற்றத்துக்கு வந்தபோது, தம்பி பீப்பாய்த் தண்ணீரை மொண்டு குளித்துக்கொண்டிருந்தான், முதுகு இந்தப் பக்கம். எலாடியோ முதலில் அதை அழுக்கு என்று நினைத்தான். பிறகு ஏதோ தோல் நோய் என்று நினைத்தான். கிட்டே போனதும் தையல் தடங்கள் தெரிந்தன. மஞ்சள், பச்சை, கறுப்பு. வலது தோள்பட்டையில் இருந்தது மே மாதம் ஜார்ஜியாவில், மழை நின்ற பிறகு ஆடிய ஆட்டத்தில் வாங்கியது. இடுப்புக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு, அது ஆகஸ்ட், ஒரே பிட்சர். கடைசி வாரத்தில் வாங்கிய ஒன்று இன்னும் நீலமாக இருந்தது. தான் ஆடிய மூன்று வருடமும் அந்த முதுகில் வரிசையாக இருந்தது. எலாடியோவின் வாயிலிருந்த பல்பொடி நுரை மார்பில் வழிந்தது, அவன் துடைக்கவில்லை.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டான்.

சிப்ரியான் திரும்பாமலே துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான். "நீ அங்க போனதுலேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

எலாடியோவுக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது, அது வாயில் வைத்துச் சொல்லும்படியான பதிலாக இல்லை. சிப்ரியான் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கழுத்து வரை போட்டான். "பந்து வந்தா கொஞ்சம் விலகி நின்னுக்கோண்ணே. அவ்ளோதான் கேக்குறேன். உன்ன வரச் சொல்லல."

எலாடியோ சத்தியம் செய்தான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டான். "பந்த வேலி தாண்டி அடிச்சு ஹோம் ரன் எடுக்கும்போது? அப்பவும் உனக்கு ஏதாவது வருமா?"

"உள்ளங்கை எரியும்," என்றான் சிப்ரியான். "வேற ஒண்ணும் வராது. நல்லதெல்லாம் உன்கிட்டயே நின்னுடும்போல."

அடுத்த சீசனில் எலாடியோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், ஏழு வாரம். பெட்டியின் ஓரத்திலிருந்து தள்ளி நின்றான்; உடம்புப் பக்கம் பந்து வந்தால் குதித்து விலகினான். பிட்சர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க மூன்று ஆட்டம் போதுமாக இருந்தது. உடம்பை ஒட்டி ஒரு பந்தை வீசிப் பயமுறுத்திவிட்டு வெளி ஓரத்தில் மூன்று பந்து வீசினார்கள்; எலாடியோவின் மட்டைக்கு எட்டவில்லை. ஜூன் மாதம் அணி மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, 'சுவர்' இடிந்துவிட்டதா என்று கேட்டார்; இப்படியே போனால் ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். மறுநாள் எலாடியோ தொடையைக் கொடுத்தான். சதைப் பிடிப்பான இடம், எலும்பில்லை, அதிகம் வலிக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். சிப்ரியான் எடுத்தான். மழை பெய்ததா என்று கேட்டான் எலாடியோ; பெய்தது என்றான் சிப்ரியான். அம்மாவின் கால்வலி பற்றிக் கேட்டான், பரவாயில்லை என்றான். "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டான். "நல்லா இருக்கேன்," என்றான் சிப்ரியான். தொடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எலாடியோ கோடை வெயிலில் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்த பனியன் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினான். முழங்கைக்கு ரப்பர், தொடைக்குத் தடித்த துணி. மற்றவர்கள் சிரித்தார்கள், வலியே தெரியாதவனுக்கு எதற்கு மெத்தை என்று கேட்டார்கள். தம்பிக்கு என்று எப்படிச் சொல்வது? வியர்வையில் நனைந்து பனியன் கல்லாகக் கனத்தது. அதைப் போட்டுக்கொண்டிருக்கும்வரை தான் அவ்வளவு கெட்டவனில்லை என்று அவனால் நினைக்க முடிந்தது. கழற்றிக் கொடியில் காயப்போடும்போது முடியாது. அதனால் ஈரத்தோடேயே படுத்துக்கொண்டான்.

1995 செப்டம்பரில் கீழ்மட்ட லீக்கின் கடைசி ஆட்டம். மேல்மட்ட அணியிலிருந்து கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரு பக்கமும் சம ரன், மூன்று பேஸிலும் எலாடியோவின் அணி ஆட்கள். பேட்டர் மேல் பந்து பட்டாலும் போதும், எல்லோரும் ஒரு பேஸ் நகர்ந்து ஜெயிக்கும் ரன் வந்துவிடும். எலாடியோ பெட்டிக்குள் நின்றான். பிட்சரின் விரலில் பந்து வழுக்கிற்று. பந்து கையை விட்டு வந்து சேர அரை நொடிகூட ஆகாது, யோசிக்க நேரமில்லை என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அது பொய் என்று எலாடியோ அன்றைக்குத் தெரிந்துகொண்டான். எல்லாவற்றையும் யோசிக்க நேரம் இருந்தது. பந்து தலைக்கு வருகிறது என்று தெரிந்தது. ஹெல்மெட்டின் காதுத் தகடுக்குக் கீழே, பஞ்சில்லாத இடத்துக்கு வருகிறது என்று தெரிந்தது. முற்றத்தில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. கோட்டு போட்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். குனிய நேரம் இருந்தது. அவன் குனியவில்லை.

யாரோ கதவைத் தட்டியது போன்ற அதே சத்தம். பிறகு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவன் காலைப் பிடித்திருந்தவன் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான். கீழே இறக்கியதும் கோட்டு போட்டவர்களில் ஒருவர் வந்து கைகொடுத்து, வெள்ளிக்கிழமை மேல்மட்ட அணியோடு வந்து சேரச் சொன்னார். எலாடியோ நன்றி சொன்னான். அப்போதே தொலைபேசியைத் தேடிப் போயிருக்கலாம். குளித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தான், மறுநாள் மத்தியானம்தான் போனான். மெர்சலினா எடுத்தாள். அவள் கத்தவில்லை. "உன் தம்பிக்கு இடது காதுல ரத்தம் வந்துச்சு. சான் பெத்ரோ ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். இனிமே அந்தக் காது கேக்காதாம்," என்றாள். பிறகு, "நீ ஜெயிச்சியா?" என்று கேட்டாள். எலாடியோவிடம் அதைவிடக் கொடிய கேள்வி ஒன்றை யாரும் கேட்டதில்லை. "ஜெயிச்சேம்மா," என்றான்.

அவன் வெள்ளிக்கிழமையே உண்மையைச் சொல்லிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். அவன் சொல்லவில்லை. மேல்மட்ட அணிக்குப் போனான், புதுச் சீருடையை மாட்டினான், நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் மேனேஜர் தலையசைத்தார். நாற்பதாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் ஒலிபெருக்கி "சிப்ரியான் வாட்லி" என்றது. அவனுடைய அடிகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருந்த கூட்டம் எழுந்து நின்று அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. எலாடியோ பெட்டியின் வெளிக்கோட்டில் நின்றுகொண்டு மூன்று பந்துகளை மட்டையை அசைக்காமல் விட்டு, அவுட்டாகித் திரும்பி வந்தான். சீருடையோடு நேரே அலுவலகத்துக்குப் போய், ஸ்பானியம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொன்னான்.

"அது என் தம்பி பேரு. என் பேரு எலாடியோ. எனக்கு இருபத்து நாலு வயசு," என்றான்.

அங்கிருந்த அணி அதிகாரி கதவைச் சாத்தினார். சீசன் முடிந்து நவம்பர் வரும்வரை வாயை மூடிக்கொண்டிரு, பிறகு பார்க்கலாம் என்றார். எலாடியோ எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். பதினோரு நாளில் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இந்தத் தடவை பேருந்து நிற்கும் இடத்துக்கு யாரும் போகவில்லை. எலாடியோ ஒரே பெட்டியோடு நடந்து வந்தான். கடை வாசலில் நின்ற ஒனேசிமோ வணக்கம் சொல்லாமல், "அஞ்சு சீசன் அடி வாங்குறப்ப வாயத் திறக்கல. மேல ஏறி உக்கார்ந்த அன்னிக்குத்தான் சாருக்கு மனசாட்சி பேசுச்சாக்கும்," என்றார். அதில் நியாயம் இருந்ததால் எலாடியோ தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். மெர்சலினா வாசலில் நின்று "எலாடியோ" என்று கூப்பிட்டாள். நாலு வருடத்துக்கு மேலாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழக்கமில்லாததால் அவன் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நின்றான். அவள் மறுபடியும் கூப்பிட வேண்டியிருந்தது.

உள்ளே சிப்ரியான் கட்டிலில் உட்கார்ந்து வானொலியை வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது காகிதத்தில் அவன் மறுபடியும் சிப்ரியான், வயது இருபது. ஒரு காது கேட்காத ஷார்ட்ஸ்டாப்பை எந்தத் தரகரும் தேடி வரப்போவதில்லை. ருஃபீனோ பெகேரோ தலைமறைவாகியிருந்தார். எலாடியோ தம்பியின் பக்கத்தில் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான், இடது பக்கம் நின்றதால் தம்பிக்குக் கேட்கவில்லை. அது போதும் அவனுக்கு. பின்கட்டுக்குப் போய், தான் அனுப்பிய பணத்தில் கட்டிய சிமெண்ட் சுவரில் நெற்றியை மோதினான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை மோதுவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

"டேய் எலாடியோ! நிறுத்துடா! எனக்குத்தான்டா வலிக்குது!"

சிப்ரியான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்வாசற்படியில் வந்து நின்றான். புருவத்துக்கு மேல் சிமெண்டின் சொரசொரப்பு பதிந்து ரத்தம் கசிந்தது. எலாடியோவின் நெற்றி வழவழவென்று இருந்தது. பெயர்களைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இது மட்டும் திரும்பவில்லை. தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்பது அப்போதுதான் எலாடியோவுக்குப் புரிந்தது. மடங்கித் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். சிப்ரியான் நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழுறியே, அதாவது உனக்கு வருதா?" என்று கேட்டான்.

"வருது."

"நல்லதாப் போச்சு. அதையும் எனக்கு அனுப்பிடாத." துணியில் பட்ட ரத்தத்தைப் பார்த்துக்கொண்டான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன மாசம் ஒரு நாள், ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம், இந்தச் செத்த காதுல ஒரு சத்தம் கேட்டுச்சு. முதல்ல கடல்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, ஆளுங்க. அவ்ளோ பேரும் என் பேரச் சொல்றாங்க. சிப்ரியான் வாட்லி, சிப்ரியான் வாட்லின்னு. இத்தன வருஷத்துல முதல் தடவையா ஒரு நல்லது வந்துச்சு. மறுநாள் வரும், மறுநாள் வரும்னு அந்தக் காதப் பொத்தாம வச்சிருந்தேன்." துணியைத் திருப்பி வைத்தான். "நீ அன்னிக்கே போய்ச் சொல்லிட்ட."

எலாடியோ அதற்கு என்ன சொன்னான் என்று சிப்ரியான் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மொந்தே கிளாரோவில் எலாடியோவைப் போல ஜாக்கிரதையான மனிதன் கிடையாது. மரம் ஏற மாட்டான். கரும்பு வெட்டப் போக மாட்டான். கத்தி பிடிக்க வேண்டிய வேலை, எண்ணெய் கொதிக்கும் வேலை எதையும் தொட மாட்டான். தெருவில் நாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகப் போவான். கடைசியில் ஆலை மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை கிடைத்தது. கோடு போட்டதும், முதல் பந்து வீசுவதற்கு முன்பே வெளியேறி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். 1999-இல் சிப்ரியான், கொன்சுயேலோ ஊரைச் சேர்ந்த நெரேய்தா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மூன்றாம் நாளே புருஷனுக்குக் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததைப் பார்த்து விசாரித்துத் தெரிந்துகொண்டவள், நேரே எலாடியோவிடம் போய்த் தடித்த தோல் செருப்பு ஒரு ஜோடியை நீட்டினாள். "போட்டுட்டு நடங்க மச்சான். உங்க காலுக்கு இல்ல, என் புருஷன் காலுக்கு," என்றாள். அவள் பேசியதில் கோபம் இருந்ததா என்று எலாடியோவுக்குத் தெரியவில்லை. அன்றுமுதல் தூங்கும்போதும் செருப்போடு தூங்கினான்.

ஆலை மூடப்பட்டது. மெர்சலினா இறந்தாள். ஒனேசிமோவின் கடையில் தொலைக்காட்சி வந்து, எல்லா ஆட்டமும் அதிலேயே தெரிந்தது. யாரும் யார் சட்டையையும் கழற்றச் சொல்லவில்லை. அந்த நாற்காலியைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்தால், வேறு பேச்சுக்கு மாறிக்கொள்வோம். ஒனேசிமோவே ஒரு நாள் சிப்ரியானிடம் ஏதோ சொல்ல வந்து, இடது பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரிந்தே அந்தப் பக்கம் நின்றார் என்று நெரேய்தா சொல்கிறாள்.

2006 மார்ச்சில் எலாடியோவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. எலாடியோவுக்குத் தெரியாது; சிப்ரியான் நாலு நாள் சாப்பிட முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிறகு, அண்ணனை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தான். இருவரும் சான் பெத்ரோவுக்குப் பேருந்து ஏறினார்கள். எலாடியோ தம்பியின் வலது பக்கம் உட்கார்ந்தான். பல் டாக்டர் யுடெல்கா இளம் பெண். எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் பிறந்து, இந்த அண்ணன் தம்பி கதையைக் கேள்விப்பட்டவள்தான். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வலி யாருக்கு?"

"எனக்கு," என்றான் சிப்ரியான்.

"பல்லு?"

"இவருது."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னாள். மரத்துப்போகச் செய்யும் ஊசியைச் சிப்ரியானின் ஈறில் போட்டாள். பத்து நிமிடம் காத்திருந்து, அவன் உதட்டைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று அவன் தலையாட்டியதும், இடுக்கியை எடுத்துக்கொண்டு எலாடியோவின் பக்கம் திரும்பினாள். எலாடியோ இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் தம்பியின் முகத்திலேயே வைத்திருந்தான். பல் இரண்டாவது இழுப்பில் வந்தது. சிப்ரியானுக்குக் கோணிய உதட்டோடு சிரிப்பு வந்தது. "ஒண்ணும் தெரியலண்ணே," என்று குழறினான்.

எலாடியோவின் வாயில் பஞ்சை வைத்து, வீக்கத்துக்கான மாத்திரையைச் சிப்ரியானிடம் கொடுத்து, பக்கத்துப் பல்லும் ஆடுகிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வாருங்கள் என்றாள் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள்.